பதினாலு மூட்டையோடு கருப்பன் வாசலுக்கு

புது வண்டி எடுத்தவர்கள் அழகர்கோவிலுக்குப் பூஜை போட எந்த வழியாகப் போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நானும் ஒரு புது வண்டியோடு போயிருக்கிறேன். பூஜைக்கு அல்ல, வழக்குத் தீர்க்க. எண்பதுகளின் தொடக்கம், ஒரு பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை. வண்டிக்கு அப்போது ஏழு மாதம். வழியையும் நேரத்தையும் எழுதுகிறேன். நடந்ததை விட்டுவிட்டு அதை மட்டும் எழுத எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மாட்டுத் தீவன வியாபாரம். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டை புண்ணாக்கு கட்டி ஆரம்பித்து, கே.கே. நகரில் வீடு கட்டும் அளவுக்கு வந்திருந்தேன். ஒன்றேகால் வருஷம் காத்திருந்து ஒரு டன் ஏற்றும் டீசல் வேன் வாங்கினேன். ஓட்டுவது என் தங்கச்சி செல்வியின் வீட்டுக்காரர் சேகர். அடுத்தவன் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

முதல் மாதமே, ஒரு வளைவில் டிரைவர் பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொண்டது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்ததால் சேகர் வெளியே விழவில்லை. ஷோரூமில் பூட்டை மாற்றினார்கள். இரண்டாம் மாதம், ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, மூட்டை ஒன்றுகூட இல்லாத வண்டியில், என் மனைவி மக்கள் உட்கார்ந்திருக்க, பிரேக் பெடல் தரைவரை இறங்கிவிட்டது. சேகர் ஒரு வயல் வரப்பில் ஏற்றி நிறுத்தினார். அதன் பிறகு மூட்டையோடு அடிக்கடி அதே கதை; இன்னும் இரண்டு முறை ஷோரூமில் விட்டோம். ஒவ்வொரு முறையும் நாலு நாள் வைத்திருந்து, ‘பின் சக்கர பிரேக் சிலிண்டர் ரப்பர் புதிதாக மாற்றப்பட்டது’ என்று சர்வீஸ் கார்டில் எழுதிக் கொடுத்தார்கள். கழற்றிய பழையதைக் கொடுங்கள் என்றால், கம்பெனிக்கு அனுப்பியாச்சு என்பார்கள். வியாபாரிக்கு அந்தப் பதிலின் வாசனை தெரியும். எடைக்கல்லைக் காட்டச் சொன்னால் நாங்களும் அப்படித்தான் ஏதாவது சொல்வோம்.

ஷோரூமுக்கு நடந்து நடந்து எனக்குச் சலித்துப்போனது. கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கம்பெனிக்குக் கடிதமும் எழுதினேன். ‘ஒரு டன்னுக்கு மேல் ஒருநாளும் ஏற்றியதில்லை’ என்று அதில் கையெழுத்துப் போட்டிருந்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் செல்வி வீட்டுக்கு வந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணே, வண்டிச் சத்தம் தெருவுல கேக்குற வரைக்கும் நான் அடுப்பப் பத்த வைக்கிறது இல்ல. ஆக்கி வச்சுட்டு யாருக்குப் போடுறதுனு ஒரு பயம். அம்புட்டுத்தான் சொல்ல வந்தேன்.”

மறுநாள் ஷோரூமுக்குப் போய் மேனேஜர் மேஜையில் கார்டுகளை எல்லாம் போட்டேன். “கார்டுல யாரு வேணாலும் எழுதலாம் சார். ரப்பர் புதுசுதான்னு பதினெட்டாம்படிக் கருப்பன் வாசல்ல வந்து சொல்லச் சொல்லுங்க. நான் இனிமே இந்தப் படி ஏற மாட்டேன்” என்றேன்.

மேனேஜர் வெளியூர்க்காரர், சிரித்தார். பக்கத்தில் நின்ற ஃபோர்மன் பரமசிவம் சிரிக்கவில்லை. அவருக்கு மேலூர்ப் பக்கம் சொந்த ஊர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அழகர்கோவிலில் கருப்பசாமிக்குச் சிலை கிடையாது. மூடியிருக்கும் பெரிய கதவுதான் சாமி. எங்கள் பக்கத்தில் தீராத வழக்கை அங்கே கொண்டுபோய்ச் சத்தியம் செய்து முடிப்பார்கள். போலீஸ் ஸ்டேஷனில் கூசாமல் பொய் சொல்கிறவனுக்கும் அந்தக் கதவுக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பரமசிவம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, “ஞாயித்துக்கிழமை வாரேண்ணே. ஆனா நானும் ஒண்ணு கேப்பேன். நீங்களும் அதே வாசல்ல சொல்லணும்” என்றார். தாராளமாகக் கேளுங்கள் என்றேன்.

ஞாயிறு காலை 6.20-க்குக் கிளம்பினோம். மீட்டர் 3,412 காட்டியது. என் வீட்டிலிருந்து கோவில் பத்தொன்பது கிலோமீட்டர். வழியில் அப்பன்திருப்பதியில் ஒரு பால்பண்ணைக்காரருக்குத் தீவனம் இறக்க வேண்டியிருந்தது. மூட்டைக்கு எழுபது கிலோ, பதினாலு மூட்டை. ஒரு டன்னுக்குள் அடங்கும் கணக்கு. சுமையோடு பிரேக் என்ன செய்கிறது என்று ஃபோர்மன் கண்ணால் பார்க்கட்டும் என்பது என் திட்டம்.

புதூர் பஸ் ஸ்டாப்பில் 6.35-க்குப் பரமசிவம் ஏறினார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. என்னையும் சேகரையும் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து பின் சக்கரத்துக்கு மேலே, சுமைக்கு வளையும் ஸ்பிரிங் பட்டையைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

“எத்தன மூட்டைண்ணே?”

“பதினாலு.”

“இன்னைக்குப் பதினாலு” என்றார்.

மூன்றுமாவடி தாண்டியதும் வீடுகள் குறைந்து, இரண்டு பக்கமும் அறுத்த வயல். கடச்சனேந்தலில் 6.55-க்கு டீ, தலைக்கு நாற்பது காசு. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். இடது பக்கத்திலிருந்து ஒரு ஆட்டுமந்தை ரோட்டில் இறங்கியது. சேகர் மிதித்தார். பெடல் இறங்கிக்கொண்டே போனது. ஆட்டுக்காரர் கம்பைத் தூக்கிக்கொண்டு கத்தினார். சேகர் இன்னொரு முறை மிதித்தார், இன்னொரு முறை. அதோடு கியரைக் குறைத்து, கை பிரேக்கையும் இழுத்து, கடைசி ஆட்டுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

“பாத்தீகளா?” என்றார் சேகர், ஃபோர்மனிடம். கோபம் இல்லை, குரலில் வெறும் அசதி. “வாரத்துக்கு ரெண்டு வாட்டி இப்படித்தாண்ணே. எங்காலு பெடல விட நல்லா வேலை செய்யுது.”

ஆட்டுக்காரர் ஜன்னலுக்கு வந்தார். “ஏன்யா, புது வண்டியா இருக்கு, பிரேக்கு தனியா வாங்கணுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பரமசிவத்தின் விபூதி வியர்வையில் கரைந்திருந்தது.

அப்பன்திருப்பதியில் மூட்டை இறக்க 35 நிமிடம். அங்கேயும் ஒரு சோதனை. பால்பண்ணைக்காரர் வெள்ளந்தி மனுஷர். “என்னண்ணே, எப்பவும் இருவது வரும், இன்னைக்குப் பதினாலுதான் வந்துருக்கு?” என்று சத்தமாகக் கேட்டார். மீதி நாளைக்கு என்று முனகினேன். பரமசிவம் வேலியில் காய்த்திருந்த கோவைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோவிலுக்கு 8.15. வாசலில் தேங்காய் பழத் தட்டு இரண்டரை ரூபாய். குரங்குகள் அன்றும் உண்டு. நான் வாங்கிய பழத்தைக் கதவுக்குப் போவதற்குள்ளேயே ஒன்று பறித்துக்கொண்டது. கதவு முழுக்கச் சந்தனம் அப்பியிருந்தது. பக்கத்தில் ஆள் உயர அரிவாள்கள். கூட்டம் குறைவு. நாங்கள் மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம்.

“நீங்க கேளுங்கண்ணே” என்றார் பரமசிவம்.

“நாலு மாசமா கார்டுல புது ரப்பர்னு எழுதியிருக்கு. புதுசுதானா? கதவப் பாத்துச் சொல்லுங்க.”

அவர் சூடத்தைக் கையில் எடுத்தார். கொளுத்தவில்லை. “எங்கேள்வியையும் கேட்டுர்றேன்” என்றார். “ஒரு டன்னுக்கு மேல ஏத்துனதே இல்லனு கம்பெனிக்கு எழுதிப் போட்டீங்க. அதக் கதவப் பாத்துச் சொல்லுங்க. ரெண்டு பேரும் ஒண்ணாச் சொல்லிருவோம்.”

கடிதம் எழுதும்போது நான் யோசிக்கவே இல்லை. எல்லா வியாபாரியும் எழுதுவதுதானே. ஒரு நடைக்கு ஆறு மூட்டை அதிகம் போட்டால் டீசல் மிச்சம், நேரம் மிச்சம். ஆனால் அந்த வாசலில் வாய் திறக்கவில்லை. சேகரைப் பார்த்தேன். ஏழு மாதமாக அந்த இருபது மூட்டையை இந்தப் பிரேக்கை நம்பி ஓட்டியவர் அவர். ஒருநாள்கூடக் கூடுதல் என்று சொன்னதில்லை. மச்சானிடம் எப்படிச் சொல்வது என்று இருந்திருப்பார். இப்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பரமசிவம்தான் முதலில் சூடத்தைத் தட்டில் திரும்ப வைத்தார். “வேண்டாம்ணே, எனக்குப் பிள்ள குட்டி இருக்கு. புது ரப்பர் ஒண்ணுகூட இன்னும் வரல. இருக்கிறதையே கழுவிப் போடு, மாத்துனதா எழுதுனு மேல சொன்னாங்க, எழுதுனேன். வந்த சரக்கே சரியில்ல, பிரேக் எண்ணெய் பட்டதும் ஊதிப்போவுது. உங்களோடது சேத்து நாலு வண்டி இப்படி வந்துருக்கு.”

“இருபது மூட்ட ஏத்தியிருக்கேன்” என்றேன். வேறு என்ன சொல்ல.

சேகர் மடியிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

“ரெண்டு பேரும் உண்மையச் சொல்லிட்டீங்க, சந்தோசம். ரெண்டு பொய்க்கும் நடுவுல நான்தான் உக்காந்துருந்தேன். வீட்டுக்கு நீங்க ஓட்டுங்க மச்சான்.”

“மாப்ள, எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சுல்ல...”

“பிரேக்குக்கும்தான் விட்டுப்போச்சு. மெதுவாப் போங்க.”

அவர் பின்னால் ஏறி, காலிச் சாக்குகள் மேல் உட்கார்ந்துகொண்டார்.

வண்டி வாங்கிய வாரத்துக்குப் பிறகு நான் அதை ஓட்டியதே இல்லை. 8.50-க்குக் கிளம்பினேன். பெடலில் கால் வைத்ததும் அது பஞ்சு மாதிரி உள்ளே போனது. தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தாலே மிதித்தேன். பரமசிவம் பக்கத்தில் இருந்து, “இப்ப விடுங்க, இப்ப மிதிங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தார். போகும்போது ஓட்டம் மட்டும் ஒரு மணி நேரம் ஆன தூரத்துக்குத் திரும்ப இரண்டு மணி பத்து நிமிடம். காலி வண்டியிலேயே இந்தப் பாடு. சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. வீட்டு வாசலில் இறங்கும்போது என் வலது கால் தரையில் நிற்கவில்லை.

திங்கட்கிழமை பரமசிவம் புதுக் கார்டு ஒன்றில் ‘பாகம் வரவில்லை, பழையதே கழுவிப் போடப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். நானும் என் பழைய கடிதத்தைத் திருத்தி எழுதினேன். கூடுதல் சுமை ஏற்றியதால் பொறுப்பில்லை என்று முதலில் கம்பெனி கைவிரித்தது. காலி வண்டியிலேயே ஒரு முறை பிரேக் போன விவரமும், மற்ற மூன்று வண்டிக்காரர்களின் கார்டுகளும் சேர்ந்த பிறகு அந்தப் பேச்சு நின்றது. இருபத்திரண்டாம் நாள் நாலு வண்டிக்கும் புது சிலிண்டரே வந்தது. பரமசிவத்தைத் தண்டனையாகப் பாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். “நல்லதாப் போச்சுண்ணே, எது வந்துச்சு, எது வரலனு இப்ப எனக்குத்தான் மொதல்ல தெரியும்” என்றார். டிரைவர் பக்கத்துக் கதவு மட்டும் அதன் பிறகும் மழைக்காலத்தில் திறந்துகொள்ளும். கயிறு கட்டி ஓட்டினோம்.

இப்போது போகிறவர்களுக்கு: காலை ஏழுக்குள் கிளம்பிவிடுங்கள், வெயிலும் கூட்டமும் குறைவு. பழத்தைப் பையில் வையுங்கள், கையில் வைத்தால் குரங்குக்கு. வண்டியில் எதை மாற்றினாலும் கழற்றிய பழையதைக் கேட்டு வாங்குங்கள்; தரமாட்டேன் என்றால் மாற்றவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். புகார் எழுதும்போது உங்கள் பக்கத்துத் தப்பையும் சேர்த்து எழுதிவிடுங்கள். மறைத்தால், அதை அவர்கள் கண்டுபிடிக்கும்போது உங்கள் நியாயமும் சேர்ந்து போய்விடும். டிரைவர் வாய் திறக்கவில்லை என்பதற்காக அவருக்குச் சம்மதம் என்று நினைக்காதீர்கள்.

புது சிலிண்டர் மாட்டிய மறுநாள் சேகர் சாவி கேட்டு வந்தார். “எத்தன மூட்ட, மச்சான்?” என்றார். பதினாலு என்றேன். தலையை ஆட்டிவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய், ஒன்று, இரண்டு என்று விரலால் தொட்டு எண்ணினார். அந்த வேன் எங்களிடம் பதினோரு வருஷம் இருந்தது. தினமும் கேட்பார், தினமும் சொல்வேன். எண்ணாமல் அவர் ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை.