பங்கருக்குள் வந்த ராணி எறும்பு

நான், என் கணவர், மாமி, கணவரின் தங்கை யோகம், என் கைக்குழந்தை. எண்பத்தேழில் ஷெல்லடிக்குப் பயந்து, வளவில் வெட்டிய பங்கர் குழிக்குள் பதுங்கியிருந்தது இத்தனை பேர்தான்.

இன்று இந்த முகநூல் குழுவில் ஒருவர் சிறகுள்ள ராணி எறும்பின் படத்தைப் போட்டு, என்ன இனம் என்று கேட்டிருக்கிறார். பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் அரித்தது.

அதேபோல ஒன்றை அன்று பங்கருக்குள் தைல டப்பியில் பிடித்தேன். "உது கடியன் எறும்பு, பிள்ளையைக் கடிக்கும். நசுக்க வேணும்," என்றேன்.

"கறுப்பெல்லே மச்சாள்! பிள்ளையார் எறும்பு, கொல்லக் கூடாது," என்று யோகம் மூடியைத் திறந்துவிட்டாள்.

"தலையைப் பாரடி, சிவப்பு!" என்று நான் கத்துவதற்குள் அது மண்மூட்டைக்குள் நுழைந்துவிட்டது.

அடுத்த மாரி மழைக்காலத்தில் வெளியே ஷெல், உள்ளே அந்த ராணி பெருக்கிய கடியன் கூட்டம். பிள்ளை வீறிட்டு அழுதும் தூக்கிக்கொண்டு வெளியே போக வழியில்லை. விடியும்வரை பிள்ளையின் உடம்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

அந்த எறும்பை எப்போதோ மன்னித்துவிட்டேன். நீங்கள் கீழே கருத்துப் பகுதியில் என்ன எழுதினாலும் மன்னிக்கமாட்டேன், யோகத்தை.