அக்காவுக்கு நான் வரையாத கண்கள்

அருப்புக்கோட்டையில் நான் போட்டோக் கடை போட்ட முதல் வருஷம் எனக்குச் சோறு போட்டவர்கள் செத்தவர்கள்தான். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

உயிரோடு இருக்கிறவன் கடைப்படி ஏறமாட்டான். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று பயம். அதே ஆள் கண்ணை மூடிவிட்டால் வீட்டார் ஓடி வருவார்கள். பிணத்தைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, சாயாமல் இருக்க முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டி, அதன்மேல் மாலையைப் போட்டு மறைத்து வைத்திருப்பார்கள். நான் போய் எடுத்துக்கொண்டு வருவேன். கடைக்கு வந்து படம் போட்ட பிறகு, மூடியிருக்கும் இமைகளின்மேல் மெல்லிய தூரிகையால் இரண்டு கண்களை வரைந்து கொடுப்பேன். "உயிரோட பாக்குற மாதிரியே இருக்குப்பா" என்று கும்பிட்டு வாங்கிப் போவார்கள். எனக்கும் அதில் பெருமை இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

எங்கள் அப்பா பருத்திப் பொதி ஏற்றிப் போகும் வண்டிக்காரர். இரண்டாம் உலகச் சண்டை நடந்த வருஷங்களில் நான் மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். படம் பதியும் கண்ணாடிப் பிளேட்டும் காகிதமும் கப்பலில் வருவது நின்று, ஸ்டூடியோ படுத்துவிட்டது. முதலாளி கடையைச் சாத்தும்போது தேக்குமரப் பெட்டிக் கேமரா ஒன்றை எனக்குக் கொடுத்து அனுப்பினார். சண்டை முடிந்து பிளேட் மறுபடி வரத் தொடங்கியதும், கடைவீதியில் நூல் கடை ஒன்றின் மாடியைப் பிடித்தேன். வடபக்கத்துக் கூரையில் ஓடுகளைப் பிரித்துக் கண்ணாடி போட்டேன். அந்த வெளிச்சம்தான் என் மூலதனம்.

எங்கள் ஊர்த் தண்ணீர் தெரியும்தானே, உப்பு. அதில் பிளேட்டைக் கழுவினால் காய்ந்ததும் முகமெல்லாம் வெள்ளைப் புள்ளி விழுந்துவிடும். எடுத்த முதல் பத்துப் படமும் அம்மை போட்ட முகமாகத்தான் வந்தன. பிறகு ஊருக்கு வெளியே இருந்த நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து அம்மா தினமும் இரண்டு குடம் சுமந்து வந்து மாடி ஏற்றினாள். சோறு பொங்கிக்கொள்ள வேண்டிய தண்ணீரில் முகங்களைக் கழுவுகிறான் என்று தெருவில் சிரித்தார்கள்.

சிரிக்காதவள் என் அக்கா ஒருத்திதான். என்னைவிட நாலு வயது மூத்தவள். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். நிலம், இரண்டு ஜோடி மாடு, கூட்டுவண்டி எல்லாம் உள்ள வீடு. அங்கே அக்காவின் மாமனார் வைத்ததுதான் சட்டம். அவர் மகன், என் மச்சான், நல்லவரா கெட்டவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பாவுக்கு எதிரே வாய் திறக்காத மனிதரை என்னவென்று சொல்வது?

கடை போட்ட மறு வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு அவர்கள் எல்லாரும் ஊருக்கு வந்தார்கள். அக்கா கூட்டத்தோடு கூட்டமாக நழுவி மாடி ஏறி வந்துவிட்டாள். மச்சானும் பின்னாலேயே வந்தார். அக்கா கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். பின்னால் தொங்கிய ஏரியும் படகும் எழுதிய திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏலே தம்பி, இதுக்கு முன்னால என்னைய ஒண்ணு எடுலே. எங்க ஊருக் கம்மாயிலதான் தண்ணியே இல்ல. படத்துலயாவது நிக்கேன்."

அப்படிச் சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு முகத்தைத் தெளிவாக்கினேன். கேமராவுக்குள் அக்கா தலைகீழாகச் சிரித்தாள். பிளேட்டைச் சொருகினேன். கேமராக் கண்ணாடியின் மூடியைக் கழற்றி, மூன்று எண்ணி, திரும்ப மூடவேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

அப்போது மாமனார் படியேறி வந்து நின்றார்.

"எந்திரி."

அக்கா எழுந்துவிட்டாள்.

"மாமா, ஒரு நிமிசம்தான்" என்றேன்.

"எங்க வீட்டுப் பொம்பள மூஞ்சி எவன் கையிலயும் போகக் கூடாது. உசுரோட இருக்குறவள படம் புடிச்சு ஆயுசக் கொறைக்கவா பாக்குற? நீ பொணம் புடிக்கிற பய. ஒன் பெட்டி முன்னால எங்க வீட்டு மருமக உக்காருவாளா?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் திரையில் எழுதியிருந்த படகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது அக்கா என் கையைத் தொட்டு, "இன்னொரு நாளைக்கு வாரேன்லே" என்றாள்.

ஏன் நான் அந்த மூடியைக் கழற்றவில்லை? அவர் மேலே வந்து வாய் திறப்பதற்குள் மூன்று எண்ணியிருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. பெரியவர் வந்ததும் என் கையும் மரியாதையாகக் கட்டிக்கொண்டது. மச்சானைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு எங்கிருந்து வந்தது?

இன்னொரு நாள் வரவில்லை. அதற்கடுத்த வருஷம், கம்பு அறுப்புச் சமயம், காலையில் கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டுக் கூட்டுவண்டி வாசலில் வந்து நின்றது. வண்டியோட்டி வந்தவன் அவர்கள் பண்ணையாள். மேலே ஏறி வந்து தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"பெரியவுக ஒங்களக் கூட்டியாரச் சொன்னாக. பெட்டியையும் கையோட எடுத்தாரச் சொன்னாக."

பெட்டியை எடுத்து வரச் சொன்னார்களா? எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்கா பிள்ளை பெற்றிருக்கிறாள், பேரப்பிள்ளையைப் படம் எடுக்கத்தான் கூப்பிடுகிறார் பெரியவர் என்று நினைத்துவிட்டேன்.

"என்ன பிள்ளை?" என்றேன்.

"பொம்பளப் பிள்ளை" என்றான். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அப்போதுதான் விளங்கியது, பெட்டியை எதற்குக் கேட்கிறார்கள் என்று.

அம்மாவையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனோம். அம்மா வழியெல்லாம் மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். நான் வண்டியோட்டிய பண்ணையாளிடம் கேட்டேன், பிள்ளை பிறந்து எத்தனை நாள் ஆச்சு என்று. நாலு நாள் என்றான். இரண்டாம் நாளே காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதித்ததாம். மருத்துவச்சியே, "இது என் கைய மீறிப் போச்சு, அருப்புக்கோட்டை ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்று சொல்லிவிட்டாளாம்.

"பெறகு ஏன் கொண்டு வரல?"

"பச்ச ஒடம்புக்காரி வாசப்படி தாண்டக் கூடாதுன்னு பெரியவுக சொல்லிட்டாக."

"நேத்து இந்த வண்டி எங்க இருந்துச்சு?"

அவன் மாட்டின் முதுகைத் தடவிக்கொடுத்தான். "மாட்டுக் கொட்டத்துலதான் நின்னுச்சு."

அதே வண்டி, அதே மாடு. நோயாளியை ஏற்றிக்கொண்டு வர ஒரு நாள் முழுக்க மாடு பூட்டாதவர்கள், படம் பிடிக்கிறவனைக் கூட்டிப்போக விடியுமுன் பூட்டியிருக்கிறார்கள்.

போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அக்காவை உட்காரவைத்திருந்தார்கள். பட்டுச்சேலை, நெற்றி நிறையக் குங்குமம். நானே பல வீடுகளில் சொல்லிக்கொடுத்த மாதிரி, முதுகோடு துண்டால் கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது.

மாமனார் வந்து என் தோளில் கை வைத்தார். "சுமங்கலியாப் போயிட்டா. எங்க வீட்டுத் தெய்வம் இனிமே அவதான். வருசா வருசம் சேலை எடுத்து வச்சுக் கும்பிடப் படம் வேணும். நல்லா வெளிச்சமாப் பாத்து எடு மாப்ளே."

நான் கையைத் தட்டிவிட்டேன். ஊரே நின்றுகொண்டிருந்தது.

"போன வருசம் ஆயுசு கொறையும்னு எந்திரிக்க வச்சீகளே, கொறையாம எத்தனை வருசம் இருந்துட்டா? இருந்தப்ப ஒரு படத்துக்கு ஆகாதவ, செத்ததும் தெய்வமாயிட்டாளா? ஆசுபத்திரிக்குப் போகாத வண்டி என் வாசலுக்கு எப்படி வந்துச்சு?"

"எழவு வீட்டுல சத்தம் போடாத."

"இதை எழவு வீடா ஆக்குனது யாரு?"

இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மச்சான் மரத்தடியில் குந்தி அழுதுகொண்டிருந்தார். அவர் அழுகை உண்மைதான். ஆனால் அந்த அழுகையை நேற்றே வண்டியில் மாடு பூட்டக் காட்டியிருக்கலாம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பத்தான் இருந்தேன். அம்மா வந்து மறித்தாள். அவள் கையில் பழந்துணியில் சுற்றிய அந்தச் சிசு.

"எடுலே. இந்தச் சின்னஞ்சிறுசுக்கு ஆத்தா மூஞ்சி இன்னதுன்னு தெரிய வேணாமா? அவுகளுக்காக வேணாம். இதுக்காக எடு."

கட்டை அவிழ்க்கச் சொன்னேன். அம்மா போய்த் துண்டை அவிழ்த்தாள். அக்காவை மெத்தைப் பாயில் படுக்கவைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்து, அப்படியே எடுத்தேன். கறுப்புத் துணிக்குள் தலைகீழாக இருந்த முகத்தைத் தெளிவாக்க வெகுநேரம் பிடித்தது. கண்ணீர் வடிந்தால் எதுவும் தெளிவாகத் தெரியாது.

குழந்தையை அம்மா எங்களோடு கொண்டுவந்துவிட்டாள். பெண் பிள்ளை என்பதால் தடுக்க ஆளில்லை.

பதினாறாம் நாளுக்கு முன்னால் மாமனார் ஆள் அனுப்பினார். ஒரு படத்தைக் குழந்தைக்கென்று எடுத்துவைத்துவிட்டு இன்னொன்றைக் கொடுத்தேன். மறுநாளே அவரே வந்தார்.

"கண்ணு மூடியிருக்கு. மூடுன கண்ணைக் கும்பிட முடியுமா? எங்க பங்காளி வீட்டுப் பெரியவருக்கு வரைஞ்சு குடுத்தேல்ல? அதே மாதிரி வரைஞ்சு குடு."

"வரையமாட்டேன்."

"ஒன் தொழில்தான இது?"

"நேத்தோட விட்டுட்டேன்."

அவர் படத்தை எடுத்துக்கொண்டு போய், மதுரையில் எவனிடமோ கொடுத்துக் கண் வரைந்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார் என்று கேள்விப்பட்டேன். அதை நான் பார்க்கப் போகவில்லை.

ஆத்திரத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் அதைக் காப்பாற்றினேன். 'இறந்தவர்களைப் படம் எடுப்பதில்லை' என்று பலகையில் எழுதிப் படிக்கட்டில் மாட்டினேன். வந்த ஒன்றிரண்டு ஆளும் வராமல் போனார்கள். அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் மாடியில் காத்திருப்பதை விட்டுவிட்டு, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நெசவாளர் தெருக்களுக்குப் போனேன். வீட்டுக்குள்ளே தெலுங்கு பேசிக்கொண்டிருந்த பெண்கள் என்னைக் கண்டதும் தமிழுக்கு மாறி, "எதுக்குப்பா இங்க வந்திருக்க?" என்றார்கள். "நீங்க இருக்கும்போதே ஒங்கள எடுக்க வந்திருக்கேன்" என்றேன். தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள்தான் முதலில் சம்மதித்தாள். "எடு. எனக்கு ஆயுசு கொறைஞ்சா நல்லதுதான்" என்று சிரித்தாள். அடுத்த வாரமும் அவள் உயிரோடு பாவு நீட்டினாள். தெரு முழுக்க அதைப் பார்த்தது. பிறகு ஆள் வரத் தொடங்கியது. சுதந்திரம் வந்த வாரம், சட்டையில் கொடி குத்திக்கொண்டு குடும்பம் குடும்பமாக மாடி ஏறினார்கள். காரியாபட்டி, திருச்சுழிப் பக்கமிருந்தும் கல்யாண ஜோடிகள் வந்தார்கள்.

அப்படி வந்த ஜோடிகளில் ஒன்று என் மச்சான்.

அக்கா செத்து வருஷம் திரும்பவில்லை. புதுவேட்டி கட்டி, மாலையின் வாசனையோடு வந்து நின்றார். பக்கத்தில் பதினாறு வயதுகூட நிரம்பியிராத ஒரு பெண்.

"மாப்ளே, எல்லாரும் எடுக்காக. அப்பாவும் எடுத்துக்கிடச் சொல்லிட்டாரு."

"ஆயுசு?" என்றேன்.

அவர் தலை குனிந்தார். கழுத்தைப் பிடித்துப் படியில் தள்ளத்தான் கை பரபரத்தது. அந்தப் பெண் முந்திக்கொண்டு பேசினாள்.

"அண்ணே, வீட்டுல அக்கா படம் மாட்டியிருக்கு. நெதமும் அதுக்கு நாந்தான் விளக்கு வைக்கேன். அந்தப் படத்துல இருக்குற கண்ணு அவுக கண்ணுதானா?"

"இல்லம்மா. எவனோ வரைஞ்ச கண்ணு."

"அப்படித்தான் நெனச்சேன். அது யாரையுமே பாக்கல." பிறகு மெதுவாகக் கேட்டாள். "அவுக இருந்தப்ப எடுத்தது ஒண்ணுகூட இல்லையா?"

"இல்ல. எடுக்க விடல. ஏன்னு இவருகிட்டயே கேளு."

மச்சான் திரையில் இருந்த படகைப் பார்த்தார். அவள் விடவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் கோபத்துக்கு அந்தப் பெண் என்ன செய்வாள்? நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"மொதல்ல நீ தனியா உக்காரு."

"தனியா எதுக்கு மாப்ளே?" என்றார் மச்சான்.

"நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

அவர் வெளியே போய் நின்றார். அவள் உட்கார்ந்தாள். மூடியைக் கழற்றி மூன்று எண்ணினேன். கண்ணைச் சிமிட்டாமல் நேராகப் பார்த்தாள். பிறகு இருவரையும் சேர்த்து நிற்கவைத்து எடுத்தேன். மூன்று எண்ணி முடிப்பதற்குள் மச்சான் தலையைத் திருப்பிவிட்டார். பிளேட்டைக் கழுவிப் பார்த்தபோது அவள் முகம் தெளிவாக இருந்தது. அவர் முகம் இருந்த இடத்தில் வெறும் கலங்கல்.

வேறு யாராக இருந்தாலும் திரும்பக் கூப்பிட்டு எடுத்திருப்பேன். அதை அப்படியே அட்டையில் ஒட்டிக் கொடுத்தனுப்பினேன்.