எட்டுப் பேர் எடையில் ஒரு கார்

காரில் ஏறுவதற்கு முன் அத்தான் தன் பாக்கெட்டுகளைக் காலி செய்வார். ஷெட்டின் உள்சுவரில், சுவிட்சுக்குக் கீழே, ஒரு சின்னப் பலகை அடித்து வைத்திருக்கிறார். அதன் மேல் பழைய பிஸ்கட் டின் ஒன்று. முதலில் சாவிக்கொத்து. அதிலிருந்து கார்ச் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு மற்றதை டின்னில் போடுவார். பிறகு சில்லறை, பேனா, கைக்கடிகாரம். பர்ஸிலிருந்து லைசென்ஸை மட்டும் உருவிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பர்ஸையும் போடுவார். கடைசியாக இடுப்பு பெல்ட்டின் மேல் கை போகும். கொஞ்சம் யோசித்துவிட்டு அதை மட்டும் விட்டுவிடுவார். டின்னின் மூடியை அழுத்தி மூடும்போது அவர் முகத்தில், அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவரின் தெளிவு இருக்கும்.

என் அக்கா இதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பாள். "காலையில சாப்பிட்டதையும் அந்த டின்லயே வச்சிட்டுப் போகச் சொல்லுடா" என்பாள் என்னிடம்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. நகரத்தின் பாதி லிஃப்ட்டுகள் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்குகின்றன. உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டை நாம் படிக்காமலேயே நின்றுகொண்டிருப்போம். எட்டுப் பேர், 544 கிலோ. ஆளுக்கு அறுபத்தெட்டு. அவர் உலகத்தையே அந்தக் கணக்கில்தான் பார்ப்பார். கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்து, "மூணு ட்ரிப் அடிக்கணும்" என்பார். லிஃப்ட் தளத்தைவிட அரை விரல் உயரத்தில் நின்றாலும் அவருக்குத் தூக்கம் வராது.

அவருடைய கார் துண்டு துண்டாக வந்தது. அப்படி வருவதற்குத்தான் கிட் கார் என்று பெயர். ஏழு மரப்பெட்டிகள், அவற்றில் இரும்புக் குழாய்ச் சட்டகம், அலுமினியத் தகடுகள், ஸ்பிரிங்குகள், தலையணை கனத்தில் ஒரு புத்தகம். இன்ஜினை நாமே தேடிக்கொள்ள வேண்டும். பின்பக்கம் நசுங்கிப்போன ஒரு குடும்பக் காரிலிருந்து அவர் அதை எடுத்தார். பூட்டி முடிக்க இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முடிந்தபோது கதவு இல்லை, கூரை இல்லை. நீள மூக்கு, தவளைக் கண் விளக்குகள், தரையோடு தரையாக இரண்டு சீட். உட்கார்ந்தபடியே கையை நீட்டி ரோட்டைத் தொட்டுவிடலாம். மொத்த எடை ஐநூற்று நாற்பது கிலோ. "எட்டுப் பேர் லிஃப்ட்ல ஏறினா என் காரைவிட நாலு கிலோ ஜாஸ்தி" என்று எல்லோரிடமும் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

இதே மாதிரி கார் வைத்திருப்பவர்கள் ஆறு பேர் ஒரு கிளப்பாகச் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் மூவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் பல்செட் செய்பவர். இன்னொருவர் மருந்துக்கடைக்காரர். மூன்றாமவர் பணி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். எல்லோருக்கும் அவர் ரேஸ் டீச்சர். இவர்கள் சேர்ந்தால் பேச்செல்லாம் கிராம் கணக்குத்தான். பல்செட்காரர் தன் பிரேக் பெடலில் வரிசையாகத் துளை போட்டுப் பதினோரு கிராம் குறைத்ததை ஒரு மாதம் பேசினார். மருந்துக்கடைக்காரர் பதிலுக்குத் தன் காரின் முன்கண்ணாடியையே கழற்றிவிடப் போவதாகச் சொன்னபோது டீச்சர் அவருடைய வயிற்றைப் பார்த்து, "அதுல நாலு ஓட்டை போட்டா போதுமே சார்" என்றார்.

மாதத்தின் முதல் ஞாயிறு, விமானம் வராமல் விட்டுப்போன ஓர் ஓடுதளத்தில் கூடுவார்கள். பிளாஸ்டிக் கூம்புகளை நட்டு, அவற்றுக்கு நடுவே வளைத்து வளைத்து ஓட்டுவார்கள். அத்தான் நன்றாக ஓட்டுவார். ஆனால் கடைசியில் பிரேக் போடும்போது இடது முன்சக்கரம் மட்டும் உருளாமல் வழுக்கும். டயரிலிருந்து ஒரு கொத்துப் புகை எழும்பும். அதனால் எப்போதும் மூன்றாவதோ நான்காவதோதான் வருவார்.

"லிஃப்ட்காரரே, உங்க இடது சக்கரம் இன்னைக்கும் சிகரெட் பிடிச்சுது" என்பார் டீச்சர்.

பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அத்தான் பிளாஸ்கைத் திறப்பார். அரை விரல் உயரத்துக்குத் தூங்காதவர் இதை ஏன் விட்டுவைத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்ததில்லை.

புரியாமல் இருந்தது அது ஒன்றுதான். அத்தானுக்குப் பக்கத்து இடது சீட்டில் அக்கா ஏன் மூன்று வருடமாக ஒருமுறைகூட உட்காரவில்லை என்பது எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். நான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்களுடைய விருந்தாளிகள், மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர்கூட ஒரு சுற்றுப் போய் வந்தார். அக்கா மட்டும் வரவில்லை. காற்று ஒத்துக்கொள்ளாது என்பாள், முடி சிக்காகும் என்பாள், கதவில்லாத வண்டியில் எந்த நம்பிக்கையில் உட்காருவது என்பாள். அத்தான் ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். சரி என்று கிளம்பிப் போவார். தெருமுனை திரும்பும்வரை அவள் ஜன்னலில் நிற்பாள்.

கார் முடிந்த வாரம் நடந்தது இது. இந்த மாதிரிக் கார்களை ஓட்டும் முன் நான்கு சக்கரங்களுக்கும் அடியில் நான்கு தராசுகள் வைப்பார்கள். எந்தச் சக்கரம் எவ்வளவு சுமக்கிறது என்று பார்த்து ஸ்பிரிங்குகளைத் திருகிச் சமன் செய்வார்கள். பல்செட்காரரும் மருந்துக்கடைக்காரரும் உதவிக்கு வந்திருந்தார்கள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அக்கா டீத் தட்டோடும் நான் பிஸ்கட் தட்டோடும் வெளியே வந்து நின்றபோது உள்ளே ஆட்களின் முழங்கால்களும் டயர்களும்தான் தெரிந்தன. அத்தானின் குரல் கேட்டது.

"அவ ஏறினா இடது பக்கம் நல்லா அமுங்குது."

"அண்ணி காதுல விழுந்தா இன்னைக்கு டீ கிடையாது" என்றார் மருந்துக்கடைக்காரர். உள்ளே சிரிப்பு.

அக்கா ஷட்டரைத் தட்டினாள். குனிந்து உள்ளே போய் எல்லோருக்கும் டீ கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டாள். காரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து வீட்டுப் பாத்ரூமில் இருந்த எடை மெஷின் பரணுக்குப் போய்விட்டது.

இந்த வருடம் கிளப்புக்குப் பத்தாம் ஆண்டு. கணவாயைத் தாண்டி ஏரிவரை போய் வருவது என்று முடிவானது. வழக்கமாகத் தனித்தனியாகப் போகிறவர்கள். இந்த முறை ஒரு சீட்டும் காலியாக வரக்கூடாது என்று ரேஸ் டீச்சர் சட்டம் போட்டுவிட்டார். தனக்குத் துணையாக அவர் என்னைச் சொல்லியிருந்தார். நான் அதிகம் பேசாதவன் என்பதுதான் தகுதி. அத்தான் அக்காவிடம் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் காற்று ஒத்துக்கொள்ளவில்லை.

முந்தின நாள் மாலை, நான் ஷெட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ள, நீ கேட்டா வருவா. உன் பேச்சைத் தட்ட மாட்டா" என்றார்.

எனக்கு ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஒரு வாரம் ஆகும். இது மூன்று வருடமாக உள்ளே கிடந்தது.

"அக்காவுக்குக் காத்தெல்லாம் பிரச்சினை இல்ல அத்தான். எடை போட்ட அன்னைக்கு நீங்க சொன்னது அவ காதுல விழுந்துச்சு. இடது பக்கம் அமுங்குதுன்னு."

அவர் காற்றழுத்த மானியைச் சக்கரத்தில் வைத்தபடியே இருந்தார். டயரிலிருந்து காற்று மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

"மூணு வருஷமாவா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு எழுந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, சமையலறைக்குப் போனார். நான் பின்னால் போகவில்லை. ஜன்னல் திறந்திருந்ததால் பாதி கேட்டது. ஆட்களை வைத்துக்கொண்டு உன் எடையைப் பேசியது என் தப்பு என்றார். வேறு எந்த விளக்கமும் சொல்லவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்கு அது கைவராது. "லிஃப்ட் கணக்குப்படி பார்த்தா நீ ஒரு ஆளே இல்ல, ஆளுக்குக் குறைச்சல்தான்" என்றார்.

ஒரு கரண்டி விழும் சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்துக் கேட்டது அக்காவின் சிரிப்பு. வெகுநேரம் சிரித்தாள்.

"வரேன். ஆனா என் கைப்பையோட வருவேன். உள்ள இருக்கற ஒண்ணையும் எடுக்க மாட்டேன்."

அக்காவின் கைப்பையைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த நிபந்தனையின் கனம் தெரியும். மறுநாள் காலை அதில் தண்ணீர் பாட்டில், குடை, மடித்த சால்வை, மாத்திரைப் பெட்டி, இரண்டு ஆப்பிள், நறுக்கக் கத்தி, என் மேசையிலிருந்து எடுத்த ஒரு கவிதைத் தொகுப்பு எல்லாம் இருந்தன. அத்தான் வழக்கம்போலத் தன் பாக்கெட்டுகளை டின்னில் கொட்டினார். பையைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். அக்கா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அவர் குனிந்து அவளுடைய சீட் பெல்ட்டை மாட்டிவிட்டார். அன்று தன் இடுப்பு பெல்ட்டையும் கழற்றி டின்னில் போட்டார்.

ரேஸ் டீச்சரின் காரில் நான் அவர்களுக்குப் பின்னால் போனேன். கணவாய் ஏறும்போது அக்காவின் முடி நாலா பக்கமும் பறந்தது. முதல் வளைவில் ஒரு கையால் அத்தானின் தோளைப் பிடித்திருந்தாள். ஐந்தாவது வளைவில் கையை எடுத்துவிட்டாள். ஒன்பதாவதில் அந்தக் கையை வெளியே நீட்டி, முன்னால் போன மருந்துக்கடைக்காரரைக் காட்டி, முந்து முந்து என்று ஆட்டினாள். மருந்துக்கடைக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். அத்தான் முந்தினார்.

இறக்கத்தின் கடைசியில் மாட்டுவண்டி அகலத்துக்கு ஒரு பாலம். எதிரே ஒரு லாரி ஏறிவிட்டிருந்தது. எல்லோரும் அழுத்திப் பிரேக் போட்டோம். அத்தானின் கார் கோடு போட்டது போல நேராக நின்றது.

டீச்சர் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, இன்னைக்கு இடது சக்கரம் புகையலையே" என்றார். நான் ரோட்டைப் பார்த்தேன். டயர் தடம்கூட இல்லை.

ஏரிக்கரையில் அக்கா அந்த ஆப்பிள்களை நறுக்கி எல்லோருக்கும் கொடுத்தாள். கத்தியைக் கொண்டுவந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நாலு பேராவது சொல்லும்வரை அதைப் பைக்குள் வைக்கவில்லை. திரும்பும்போது அவளே முதல் ஆளாகப் போய் இடது சீட்டில் உட்கார்ந்தாள். இப்போது ஞாயிறுகளில் அத்தான் கேட்பதில்லை. அவள்தான் ஷட்டரைத் தூக்குகிறாள். எடை மெஷின் பரணிலேயே இருக்கிறது. யாரும் தேடவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பல்செட்காரர் கடையில் நான் உட்கார்ந்திருந்தபோது, அந்த எடை போட்ட நாளைப் பற்றி அவராகவே சொன்னார். அன்று அத்தான் வலது சீட்டில் உட்கார்ந்திருந்தாராம். இடது சீட்டில், லிஃப்ட் சோதனைக்குப் பயன்படுத்தும் இருபது கிலோ இரும்புக்கட்டிகள் மூன்று. அந்த எடைக்குத்தான் ஸ்பிரிங்குகளைத் திருகினார்களாம். அப்படிச் செய்த காரை ஒருவர் தனியாக ஓட்டினால் இடது பக்கம் லேசாகிவிடும்; பிரேக் போட்டதும் முன்சக்கரம் வழுக்கும், புகையும். ஒரு மணி நேர வேலை, மாற்றிவிடலாம் என்று அவர் மூன்று வருடமாகச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அத்தான் சொன்னது ஒரே பதில்தானாம்.

"வேணாம். அவ வருவா."