எழுதியவர் என்ற இடத்தில்

என் மனைவியின் குரல் ரேடியோவில் வரும். வாரத்துக்கு ஒரு தடவையாவது வரும். அவள் பாடகி இல்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். அது சினிமாப் பாட்டும் இல்லை. எங்கள் மகளுக்காக அவள் பாடிய ஒப்பாரி.

மகளுக்கு ஆறு வயது. காய்ச்சல். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மூன்றாம் நாள் திரும்பக் கொண்டு வந்தோம். அதைப் பற்றி இவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.

இரண்டு வருஷம் கழித்து ரேடியோக்காரர்கள் தோட்டத்துக்கு வந்தார்கள், தோட்டத்துப் பாட்டுகளைப் பதிவு செய்ய. பெண்கள் கும்மி பாடினார்கள், தாலாட்டுப் பாடினார்கள். ஒப்பாரி பாடச் சொன்னதும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் சாவு இல்லாமல் ஒப்பாரி பாடக் கூடாது. என் மனைவி எழுந்தாள்.

"லயத்துல வேணாங்க. மடுவத்துக்கு வாங்க."

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், தராசுக்குப் பக்கத்தில் நின்றபடியே பாடினாள். ஏன் பாடினாள் என்று நான் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை.

பாடி முடிந்ததும் மைக் பிடித்தவர் கேட்டார்.

"இது யாரு கட்டின பாட்டும்மா?"

"எல்லாரும் பாடுறதுதாங்க."

அவர் எழுதிக்கொண்டார்.

அது உண்மையில்லை. பாட்டில் வரும் சிவப்புச் சட்டை எங்கள் மகளுடையது. ஒரு கால் கொலுசு தொலைந்து போனதும் அவளுக்குத்தான். ஆனால் எங்கள் ஆட்களில் யாரும் ஒப்பாரியை நான் கட்டினேன் என்று சொல்ல மாட்டார்கள். அது செத்தவர்களுக்குக் கொடுத்தது. என்னுடையது என்று சொன்னால் சாவு இன்னொரு தடவை அந்த வீட்டுக்கு வரும் என்பார்கள். எங்களுக்கு ஒரு மகன் இருக்கிறான். கொழும்பில் கடையில் வேலை.

போன வருஷம் லுணுகலையில் பருப்பு வாங்கப் போனேன். கடையில் ரேடியோ ஓடியது. அவள் பாடிக்கொண்டிருந்தாள். கடை முதலாளிக்கு அவள் குரல் தெரியும்.

"என்ன அண்ணன், உங்கட சம்சாரம் கச்சேரி வைக்கிறா. காசு வருதா?"

"என்ன காசுங்க மொதலாளி?"

அவர் மேசையில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். கடையில் ரேடியோ போட்டு ஆட்களுக்குக் கேட்க வைத்தால் அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்ததாம். பாட்டு எழுதினவர்களுக்குப் போகிற பணம் என்றார்.

"நான் கப்பம் கட்டுறேன். நீங்க கடனுக்குப் பருப்பு வாங்குறீங்க. எங்கயோ கணக்குப் பிழைச்சிருக்கு அண்ணன். போய்க் கேளுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் போனேன்.

பதுளை டவுனில் அந்த ரேடியோவுக்கு ஒரு சின்ன ஆபீஸ். ஒரு பெண் பிள்ளை இருந்தது. என் மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். உட்கார வைத்துச் சொன்னது. ரேடியோ வருஷத்துக்கு ஒரு தொகை கட்டுகிறது. பாட்டு எழுதினவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கம் அதை வாங்கிக்கொள்கிறது. எந்தப் பாட்டு எத்தனை தடவை போனது என்று ரேடியோ ஒரு தாளில் எழுதி அனுப்ப வேண்டும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் சங்கம் பிரித்துக் கொடுக்கும்.

போன மாதத் தாளைக் காட்டியது. பாட்டின் பெயர். எழுதியவர். நிமிஷம். எங்கள் பாட்டு நாலு இடத்தில் இருந்தது. நாலு இடத்திலும் எழுதியவர் என்ற இடத்தில் ஒரு கோடு.

"நாட்டார் பாட்டுன்னு பதிஞ்சிருக்கு ஐயா. அப்படின்னா யாருக்கும் போகாது. அறிவிக்கிறப்பவும் பேர் சொல்ல மாட்டோம்."

"எம் பொஞ்சாதி கட்டினதுங்க."

"அப்போ அவங்க இந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டுத் தரட்டும். பெரிய காசு இல்ல ஐயா, முதல்லயே சொல்றேன்."

காசு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் கூரைத் தகரம் ஓட்டை. ஆனால் பஸ்ஸில் வரும்போது நான் அந்தக் கோட்டைத்தான் நினைத்தேன். மற்றப் பாட்டுக்கெல்லாம் எழுதியவர் பெயர் இருந்தது. இவளுக்கு மட்டும் கோடு.

வீட்டில் படிவத்தைக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

"ஒங்களுக்குக் கிறுக்கா? அது என்னோடதுன்னு நான் எழுதிக் குடுக்கணுமா?"

"நீதானே கட்டுன."

"கட்டுனேன். அவளுக்குக் குடுத்துட்டேன். குடுத்ததத் திருப்பி வாங்கச் சொல்றீங்களா? பையன் ஒருத்தன் இருக்கான்ல?"

படிவத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். அங்கேயே இருந்தது.

ஒரு மாதம் இருக்கும். மகனோடு போனில் பேசி முடித்தாள். அவன் சாப்பிட்டானா என்று எப்போதும் கேட்பதைக் கேட்டாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தத் தாளை எடுங்க. பேனாவும் எடுங்க. நான் சொல்றத எழுதுங்க."

எழுதியவர் என்ற இடத்தில் மகள் பெயரைச் சொன்னாள். நான் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"அவளோடதுதானே. அவ பேரு ரேடியோவுல வரட்டும்."

எழுதினேன். மகள் பெயரை நான் எழுதி வெகு காலம். ஒரு எழுத்துக்கு யோசித்தேன். அவள் கீழே கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் ஆபீசுக்குக் கொண்டு போனேன். அந்தப் பிள்ளை படிவத்தை வாங்கி, மேலிருந்து கீழே சத்தமாகப் படித்துச் சரி பார்த்தது. மகள் பெயரையும் படித்தது. தெளிவாகப் படித்தது. பிறகு கேட்டது.

"இவங்க அடையாள அட்டை நம்பர் எழுதலயே ஐயா."

"அட்டை இல்லைங்க. ஆறு வயசுல போயிருச்சு."

பிள்ளை படிவத்தை மறுபடி மேலிருந்து பார்த்தது.

"பாட்டு அவங்க போனதுக்கு அப்புறம்தானே கட்டினது?"

"ஆமாங்க."

"அப்படிப் போட முடியாது ஐயா. அம்மா பேரைப் போட்டுடலாம். இதோ, புதுப் படிவம். இப்பவே நீங்க எழுதுங்க, கையெழுத்தை அப்புறம் வாங்கிட்டு வாங்க."

பேனாவையும் கொடுத்தது. நான் வாங்கினேன். எழுதியிருக்கலாம். கையெழுத்துப் போடச் சொல்லி மறுபடியும் கேட்டிருக்கலாம். அவள் ஒருவேளை போட்டிருப்பாள். அதற்கப்புறம் மகனிடமிருந்து போன் வரத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் அவள் வாசலில் எப்படி நிற்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். பேனாவை மேசையில் வைத்தேன்.

"கோடாவே இருக்கட்டும்மா."

பழைய படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போனபோது அவள் அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எடுத்துக்கிட்டாங்களா?"

"இல்ல."

கல் ஒன்றை எடுத்து வெளியே எறிந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அவ பேரைப் படிச்சாங்களா?"

"படிச்சாங்க."

"சத்தமாவா?"

"சத்தமாத்தான்."

"ரேடியோ ஆபீசுக்குள்ளயா?"

"ஆமா. அங்கதான்."

முறத்தை மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டாள். பாட்டு இன்னும் வருகிறது. வந்தால் அடுப்பு வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். முடிந்ததும் எழுந்து போவாள்.