சிவப்புச் சீலைத் துண்டும் என்ர கலர் லேபலும்

இண்டைக்கு நெடுந்தீவில என்ர மானம் கப்பலேறிச்சுது!

(கப்பல் இல்லை, காலமைப் படகு. உள்ளதைச் சொல்லோணும்.)

தெரியாத ஆக்களுக்கு: நான் இங்கை அபிவிருத்தி உத்தியோகத்தர். சொந்த இடம் காரைநகர். எட்டு மாசத்துக்கு முன்னம் இந்தத் தீவை அபிவிருத்தி செய்ய வந்தனான். (சிரிக்காதேங்கோ, உண்மையா அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு வந்தனான்!)

இங்கை மாடு இல்லாத வீடு குறைவு. மழை பெய்து புல்லு வந்தா பாலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனா விக்கிறதெண்டா கடல் தாண்டோணும்.

பூமணி அக்காவிட்டைப் பதினொரு மாடு. வந்த முதல் மாசமே என்னைப் பிடிச்சுக் கேட்டவ.

"பிள்ளை, ஒவ்வொருத்தரா வந்து எழுதிக்கொண்டு போறியள். இந்தப் பாலை நான் என்ன செய்யிறது?"

அண்டையில இருந்து மனசுக்கை அதே கேள்விதான்.

அலைஞ்சு திரிஞ்சு யாழ்ப்பாணம் ரவுனில ஒரு கடைக்காரரைப் பிடிச்சன்.

"முப்பது சட்டி தயிர் அனுப்புங்கோ தங்கச்சி. பத்து மணிக்கு முன்னம் வரோணும், புளிக்கக் கூடாது. சரிவந்தா கிழமைக்குக் கிழமை எடுக்கிறன். சரிவராட்டி என்னை விட்டிடுங்கோ."

எங்கட மாதர் சங்கத்தில பூமணி அக்காவும் சேர்த்துப் பதினாலு பேர் தயிர் போட வந்திச்சினம். தலைவி மேரி அக்கா மாதா கோயிலில மெழுகுதிரி கொளுத்தினா. பூமணி அக்கா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தா. (ரெண்டு பக்கமும் பாதுகாப்பு!)

நேற்றுப் பின்னேரம் சட்டியளைப் பெட்டியில அடுக்கேக்கை பார்த்தன், பூமணி அக்கா ஒரு பழைய சிவப்புச் சீலையைக் கிழிச்சுக் கிழிச்சுப் பெட்டியளில முடிஞ்சுகொண்டிருக்கிறா.

"உதென்னக்கா?"

"என்ர அடையாளம் பிள்ளை. படகில என்ன சாமான் அனுப்பினாலும் இதைத்தான் கட்டுறனான்."

"ஐயோ அக்கா, இது மார்க்கெட்டிங்! உந்தக் கந்தல் துண்டெல்லாம் ஏலாது!"

எல்லாத்தையும் நானே அவிட்டன். ஒப்பீஸில அடிச்ச லேபலை ஒட்டினன். கடையின்ர பேர், விலாசம், மேல எங்கட திணைக்களத்து இலச்சினை. கலரில! போட்டோவும் எடுத்தனான்.

பூமணி அக்கா துண்டுகளை மடிச்சு இடுப்பில செருகினா.

இண்டைக்குக் காலமை முதல் படகில ஏத்தியாச்சு. அக்கரையில இறக்கி, அங்கையிருந்து பஸ்ஸில ரவுனுக்குப் போகோணும்.

பத்தேகாலுக்குக் கடைக்காரற்ற போன். "தங்கச்சி, பஸ் வந்திட்டுது. தயிரைக் காணேல்லை."



படகு ஓட்டி செல்வம் அண்ணைக்கு அடிச்சன். ஆள் அக்கரையில, குறிகட்டுவானில நிக்கிறார்.

"அண்ணை, தயிர்ப் பெட்டியள் எங்கை?"

"பத்திரமா இருக்கு! நிழலுக்கை வைச்சு ஈரச்சாக்கும் போட்டிருக்கிறன்."

"ஏன் பஸ்ஸில ஏத்தேல்லை?!"

"அது ஒப்பீஸ் சாமானெல்லோ! இலச்சினை ஒட்டிக்கிடக்கு. ஒப்பீஸ் ஆள் வந்து கையெழுத்து வைச்சால்தான் குடுப்பம்."

"அண்ணை, அந்த ஒப்பீஸ் ஆளே நான்தான்!"

"நீர் நெடுந்தீவிலயெல்லோ நிக்கிறீர்?"

(இதுக்கு நான் என்னத்தைச் சொல்ல?)

முந்தி ஒருக்கா படகுக்காரர் ஒப்பீஸ் பெட்டி ஒண்டை ஆள் மாறிக் குடுத்து, விசாரணை அது இதெண்டு அலைஞ்சவையாம். அதுக்குப் பிறகு இலச்சினையைக் கண்டா ஒருத்தரும் தொடமாட்டினம்.

ஊர்ச் சாமானுக்கு உந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லை. ஒரு வீட்டுக்கு நீலக் கயிறு, ஒரு வீட்டுக்குப் பச்சைச் சாக்கு, பூமணி அக்காவுக்குச் சிவப்புத் துண்டு. எங்கை இறக்கோணும் எண்டு வாயால சொன்னாக் காணும். படகுக்காரர் பஸ்ஸில ஏத்துவினம், கொண்டக்டர் இடம் பார்த்து இறக்குவார்.

எட்டு மாசமா அதே படகில போய்வாறன். இது என்ர கண்ணில படேல்லை!

பூமணி அக்கா வீட்டுக்கு ஓடினன். சொல்லத் தொடங்கவே அழுகை வந்திட்டுது. பதினாலு பேற்ற உழைப்பு, என்ர பவிசால அக்கரையில முடங்கிக் கிடக்கு.

அவ கையைத் துடைச்சுப்போட்டு என்ர போனை வாங்கினா.

"தம்பி செல்வம், அது என்ர தயிரடா."

"உங்கடையோ அக்கா? துண்டைக் காணேல்லையே!"

"பிள்ளை அவிட்டுப்போட்டுது."

"அவவுக்கென்ன விசரோ?"

(போன் ஸ்பீக்கரில அண்ணை!)

"சரி அக்கா, நீங்கள் சொன்னாக் காணும். என்ர சிவப்புத் துவாயைக் கிழிச்சுக் கட்டி அடுத்த பஸ்ஸில விடுறன்."

என்ர இலச்சினையால ஏலாத காரியம், அவவின்ர ஒரு சொல்லில முடிஞ்சுது.

பேந்து காத்திருந்தம். மேரி அக்காவும் செபமாலையோட வந்து குந்திட்டா. பன்னிரண்டு மணிக்குப் போன் அடிச்சுது.

"பிந்தித்தான் வந்தது தங்கச்சி. திருப்பி விடுவம் எண்டுதான் இருந்தனான். சும்மா ஒரு சட்டியைத் திறந்து வாயில வைச்சுப் பார்த்தன்..."

மேரி அக்கா செபமாலையோட போனுக்குக் கிட்ட வந்திட்டா.

"அடுத்த கிழமை நாப்பது அனுப்புங்கோ."

மேரி அக்கா என்னைக் கட்டிப்பிடிச்ச பிடியில விலா எலும்பு இப்பவும் நோகுது! பூமணி அக்கா "மாட்டுக்குத் தண்ணி வைக்கோணும்" எண்டு எழும்பிப் போட்டா. (மாடு காலமையே குடிச்சது. அவ வேலிப்பக்கம் நிண்டு அழுதவ. நான் கண்டனான்.)

"இன்னொண்டு தங்கச்சி," எண்டார் கடைக்காரர். "அந்த லேபல் வேண்டாம். சனம் நிவாரணமோ, சும்மா குடுக்கிறியளோ எண்டு கேக்குது! ஆனா அந்தச் சிவப்புத் துண்டு நல்ல வடிவு. ஒவ்வொரு சட்டியிலயும் கட்டிவிடுங்கோ."

மார்க்கெட்டிங்காம் மார்க்கெட்டிங்!

இப்ப பிரச்சினை என்னெண்டா, பூமணி அக்காவின்ர சீலை முடியப்போகுது. கிழமைக்கு நாப்பது சட்டியெல்லோ!

ஆராவது அலுமாரியில கட்டாமல் கிடக்கிற சிவப்புச் சீலை வைச்சிருக்கிறியளோ? குறிகட்டுவானில செல்வம் அண்ணையிட்டைக் குடுத்து, "பூமணி அக்காவுக்கு" எண்டு வாயால சொன்னாக் காணும்.

உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், லேபல் மட்டும் ஒட்டிப்போடாதேங்கோ!