மடக்குக் கதவுக்குத் தேங்காய் எண்ணெய்

கொட்டாரம் ஊரில் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு இரண்டாக மடங்கும் கதவு. மேல் ரெயிலில் அது இறுகியபோது, மாட்டித் தந்த தச்சரைப் போனில் கேட்டேன். அவர் எங்கள் சர்ச் சபைக்காரர். "தேங்காயெண்ணெ விடுங்க, போதும்" என்றார். தாராளமாக விட்டேன். ஒரே மாதத்தில் எண்ணெயும் தூசியும் பசையாகி, ரெயிலில் ஓடும் உருளை அசையவில்லை. ஓங்கி இழுத்தேன். கதவு கழன்று, என் மகள் அப்போதுதான் எழுந்து போன நாற்காலியின் மேல் விழுந்தது.

வந்து பார்த்த தச்சர் தெருவே கேட்கும்படி, "பொம்பளையளுக்குக் கதவு தொறக்கத் தெரியல்லேன்னா நான் என்ன செய்ய?" என்றார்.

சபை மண்டபத்தின் மடக்குக் கதவுக்கும் அவர் எண்ணெய்தான் விட்டு வந்தார். அது இறுகி வருவதைக் கவனித்தும் நான் அவரிடம் சொல்லவில்லை. சபையில் வருஷந்தோறும் நடக்கும் அசன விருந்தன்று எல்லோரும் சாப்பிட வரிசையில் நிற்க, கதவு மாட்டிக்கொண்டது. அவர் வியர்க்க வியர்க்க இழுத்தார்.

"ஆம்பளையளுக்கும் கதவு தொறக்கத் தெரியாதோ, அண்ணே?" என்றேன். பந்தி முடியும்வரை சிரிப்பு ஓயவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை ரெயிலை உலர்ந்த துணியால் துடைத்து, திருகுகளை இறுக்குகிறேன். எண்ணெய் தொடுவதே இல்லை. இதைத் தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன், அவருக்கு மட்டும் சொல்லவில்லை. அடுத்த வருஷமும் அசனம் உண்டு.