பூட்டுக்கு வைத்த பொட்டு

அந்தப் பெண்ணை நீயும் பொறுப்பில்லாதவள் என்று சொல்லாதே. பால்காரர் சொல்கிறார், காலேஜ் பசங்களே சொல்கிறார்கள், சொல்லட்டும். நீ பக்கத்து வீட்டுக்காரி, அன்றைக்கு நீ ஊரிலும் இல்லை. உனக்காவது நடந்தது தெரிய வேண்டும். எல்லாரும் அவளைக் கேப்டன் என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கல்பாக்கத்தில் அப்பா அம்மா இரண்டு பேரும் ஆபீஸ் போகிற வீட்டுப் பெண். மாட்டை விற்றபின் என் இட்லிக் கடைக்குப் பின்னால் சும்மா கிடந்த கொட்டகையில்தான் அவளும் கூடப் படிக்கிற பசங்களும் பேட்டரியில் ஓடுகிற பந்தய வண்டியைக் கட்டினார்கள். வண்டியா அது? குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டிக்கு நாலு சக்கரம் வைத்த மாதிரி, தரையோடு தரையாக இருக்கும். எனக்கோ அதைப் பார்க்கப் பார்க்க ஆனந்தம். சட்னி அரைக்கும்போதுகூட ஒரு கண் கொட்டகையில்தான் இருக்கும். இரண்டு தரம் உப்பு போட மறந்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

வண்டி கட்டியதைவிட அவள் பந்தயச் சட்டம் சொல்லிக் கொடுத்ததுதான் அதிகம். முடி முழுக்க ஹெல்மெட்டுக்குள் போக வேண்டும். ரப்பர் கையுறை இல்லாமல் பேட்டரிப் பக்கம் போகக் கூடாது. செருப்பு கூடவே கூடாது. தீயணைக்கிற சிலிண்டர் எங்கே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை காட்ட வேண்டும். தினமும் கேட்டுக் கேட்டு எழுத்து தெரியாத எனக்கே எல்லாம் மனப்பாடம். ஒரு நாள் கடைக்கு வந்த லாரிக்காரரிடம், "அண்ணாத்த, செருப்பு போட்டுகினு வண்டி ஓட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். "ஆயா, நாலு இட்லி வையி. லைசென்ஸ் அப்பால கேளு" என்றாரே பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. வண்டி ஓட்டப்போகிறவன் வேடந்தாங்கல் பக்கத்துப் பையன், விவசாயக் குடும்பம், ஒல்லி. தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வருகிற பெல்ட்டுகள் எல்லாம் அவன் நெஞ்சுக்குக் கீழே ஒரு வட்டப் பூட்டில் வந்து சேரும். விசில் ஊதினால் அவன் அந்தப் பூட்டைத் திருகிக் கழற்றி, ஐந்து எண்ணுவதற்குள் வெளியே வந்து நிற்க வேண்டும். யாரும் கை கொடுக்கக் கூடாது. பந்தயத்தன்று இதைச் செய்து காட்டாவிட்டால் வண்டியை இறக்கவே விடமாட்டார்களாம். ஒரு நாள் பழகும்போது அவன் கால் உள்ளே மாட்டிக்கொண்டது. நான் மாவுக் கையோடு ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்துவிட்டேன்.

"கைய எடுங்க ஆயா! யாரும் தொடக் கூடாது!"

"இன்னா கேப்டன், புள்ள மாட்டிகினு கீறான், பாத்துகினு நிக்கச் சொல்றியா?"

"நெருப்பு புடிச்சா உங்களால கிட்ட வர முடியுமா? அவனேதான் வரணும்."

அதற்குப் பிறகு கைகளை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு நிற்கப் பழகினேன். அப்படி நிற்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பிள்ளை பெற்றவளுக்குக் கை சும்மா இருக்காது.

பந்தயத்துக்கு முந்தின சாயங்காலம் கொட்டகையில் வண்டிக்குப் பூஜை போட்டார்கள். அந்தப் பையனின் அம்மா ஊரிலிருந்து சந்தனத்தைத் தானே அரைத்துக் கொண்டுவந்திருந்தாள். சக்கரத்துக்கு வைத்தாள், ஸ்டியரிங்குக்கு வைத்தாள். கேப்டன் கையில் துணியோடு பின்னாலேயே போனாள். ஆபத்தென்றால் கரண்டை நிறுத்துகிற சிவப்பு சுவிட்சுக்கு வைக்கப் போனபோது, "அதுல மட்டும் வேணாம்மா" என்றாள், அந்த அம்மாவும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் அந்த வட்டப் பூட்டுக்கு வந்தாள். "என் புள்ள நெஞ்சாண்ட இருக்கப் போறது இதுதானே" என்று சொல்லி, பிள்ளை நெற்றிக்கு வைக்கிற மாதிரி கொழகொழவென்று பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். துணியைத் தூக்கிய கேப்டனின் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? அந்த அம்மா போனபிறகு மேலாக வழித்துத் துடைத்தாள்.

பந்தயம் நெம்மேலிக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்தில் நடந்தது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்களே, அந்த இடத்தைத் தாண்டிப் போக வேண்டும். கடலையே காய்ச்சிக் குடிக்கிற ஊர் என்று வேனில் எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டு போனேன். அங்கே சோதிக்கிற சார் விசில் ஊதினார். பையன் பூட்டைத் திருகினான். பூட்டு அசையவில்லை. பக்கத்தில் நின்ற அவன் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். கேப்டன் எட்டித் தொடுகிற தூரத்தில்தான் நின்றாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு. அவன் மறுபடி முழு பலத்தோடு திருகினான். திறந்தது. பாய்ந்து வெளியே வந்தான். ஐந்துக்குள்தான். சார் வண்டி மூக்கில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார், பசங்கள் போட்ட கூச்சல் கடலுக்கே கேட்டிருக்கும்.

கேப்டன் மட்டும் கத்தவில்லை. மண்டிபோட்டு உட்கார்ந்து, தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து, பூட்டின் இடுக்கில் குத்திப் பார்த்தாள். காய்ந்த துணுக்கு ஒன்று வந்தது. முகர்ந்தாள். தண்ணீர் கேனோடு பக்கத்தில் நின்ற எனக்கும் சந்தன வாசனை வந்தது. மகனுக்குத் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்த அந்த அம்மாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, கையை மூடிக்கொண்டாள். உள்ளே இன்னும் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ. பூட்டைப் பிரித்துச் சுத்தம் செய்யக் கூடாதாம், புதுசுதான் மாட்ட வேண்டுமாம். மாற்றுப் பூட்டு யாரிடமும் இல்லை.

"பூட்டு சிக்குது சார். வண்டிய எடுத்துக்கறோம்."

"தொறந்துச்சே கேப்டன்! பாஸாயிட்டோம்!" பையன் கிட்டத்தட்ட அழுதான்.

"ரெண்டாவது வாட்டிதானடா தொறந்துச்சு."

"ஒரு வருஷம் பேஜாரு பட்டுக் கட்டின வண்டி கேப்டன்!"

"தெரியும்டா. நான் வாங்கின பூட்டு. நான்தான் சரியா பாக்கல."

அவளே ஸ்டிக்கரை உரித்தாள். பசங்கள் பேசாத பேச்சில்லை. அவள் பாட்டுக்கு ஸ்பானர்களைப் பெட்டியில் அடுக்கினாள். திரும்பி வரும்போது, "ஏம்மா உண்மைய சொல்லல?" என்று காதோரம் கேட்டேன். "சொன்னா அந்தம்மா இனிமே எதுக்கும் பொட்டு வைக்க மாட்டாங்க ஆயா. நீங்களும் சொல்லிடாதீங்க" என்றாள். இப்போது எங்கேயோ வடக்கே வேலையாம். பசங்களில் ஒருவன்கூட அவளோடு பேசுவதில்லை.

அந்த அம்மா பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருக்கழுக்குன்றம் மலை சுற்ற வரும்போது என் கடையில்தான் சாப்பிடுகிறாள். "அந்தப் பொண்ணு மட்டும் நல்ல பூட்டா வாங்கியிருந்தா என் புள்ள ஜெயிச்சிருப்பான்" என்று ஒவ்வொரு தரமும் சொல்கிறாள். நாக்கு நுனி வரை வரும். அதை விழுங்கிவிட்டு இன்னொரு கரண்டி சட்னி ஊற்றுகிறேன். வேறு என்ன செய்ய?

அதோ, செங்கல்பட்டு பஸ் நிற்கிறது. அந்தப் பையனின் அம்மாவேதான், மஞ்சள் பையோடு இறங்குகிறாள். முகத்தை மாற்றிக்கொள். அந்த இலையைக் கழுவி இப்படிக் கொடு, இட்லி வெந்துவிட்டது, நான் இறக்குகிறேன்.